நாலு மடங்குன்னு சொன்ன டேஷ்போர்டு

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம், பேச்சுநடையை மாற்றவில்லை.)

போன வாரம் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "சின்னதா ஒரு பிசினஸ் நடத்துறேன், எந்த அனலிட்டிக்ஸ் டூல் வாங்கலாம்?" நேரடியா ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். அதைச் சொல்லிட்டா அந்தக் கேள்விக்கான பதிலும் அதுலயே வந்துடும்னு நினைக்கிறேன்.

எங்க அக்கா திருச்சியில பொடி வியாபாரம் பண்றாங்க. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அங்காயப் பொடி. மாடியில ஒரு ரூம், வறுக்குறதுக்கு ரெண்டு பேர், அரைக்கிற மிஷின் ஒண்ணு. பேக்கிங்கும் கூரியரும் மாமா பொறுப்பு. ஆர்டர் வெப்சைட்ல வரும், வாட்ஸ்அப்ல வரும், சில சமயம் நேரா வாசலுக்கே வரும்.

போன ஆடி மாசம் அக்கா போன் பண்ணாங்க. "டேய், விளம்பரம் நாலு மடங்கு காட்டுதுடா. இருபதாயிரம் போட்டா எண்பதாயிரம் வருது. தீபாவளிக்கு ஒரு லட்சமா போட்டுடலாம்னு இருக்கேன். செயினை வச்சா போதும், கார்த்திகைக்குள்ள மீட்டுடலாம்."

நாலு மடங்குன்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா மாமா பக்கத்துல இருந்து, "மாப்ள, அந்த நாலு மடங்கு பேங்க்ல எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னாரு. அவர் ஒரு நீள நோட்டு வச்சு எழுதுற ஆளு. அவர் கணக்குல அந்த மாசம் கையில எதுவுமே நிக்கல. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்ப நடுவுல எங்கயோ பணம் காணாமப் போகுது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

முதல்ல மூணு இடத்துல இருந்து ஒரே மாசத்துக் கணக்கை எடுத்தோம். விளம்பரம் போடுற மெட்டாவோட ஆட்ஸ் மேனேஜர், "என்னால 160 ஆர்டர்"னு சொல்லுது. வெப்சைட்ல இருக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ், "இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியா வந்தது 90 சொச்சம்"னு சொல்லுது. மாமா நோட்டுல எல்லா வழியும் சேர்த்து மொத்தம் 190 ஆர்டர். இதுல எது சரி?

மூணுமே அதது விதிப்படி சரிதான். இந்த இடத்துலதான் நிறையப் பேர் குழம்புறாங்க, அதனால கொஞ்சம் மெதுவா சொல்றேன். ஆட்ஸ் மேனேஜர்ல நாம எதையும் மாத்தலைன்னா, ஒருத்தர் விளம்பரத்தைக் கிளிக் பண்ணி ஏழு நாளுக்குள்ள வாங்கினாலோ, கிளிக்கே பண்ணாம சும்மா பார்த்துட்டு ஒரு நாளுக்குள்ள வாங்கினாலோ, அது அந்த விளம்பரத்தோட கணக்குல ஏறிடும். இப்ப அக்காகிட்ட ரெண்டு வருஷமா வாங்குற ஒரு மாமி இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. பொடி தீர்ந்துபோச்சு, ஆர்டர் போடணும்னு காலையிலயே நினைச்சுட்டாங்க. மத்தியானம் இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் கண்ணுல படுது. சாயந்திரம் வழக்கம்போல ஆர்டர் போடுறாங்க. அந்த ஆர்டரை விளம்பரம் தன்னோடதுன்னு எழுதிக்கும். கல்யாண வீட்டுல பந்தி நடக்குறப்ப வாசல்ல நின்னவர், "இவங்க எல்லாம் நான் கூப்பிட்டு வந்தவங்க"ன்னு சொல்ற மாதிரி. சிலரை அவர் நிஜமாவே கூப்பிட்டிருக்கலாம்.

கூகுள் அனலிட்டிக்ஸுக்கு வேற பிரச்சினை. வெப்சைட்டுக்குள்ள ஒருத்தர் எந்த வழியா நுழைஞ்சாருங்கிறதை வச்சுத்தான் அது பேசும். வாட்ஸ்அப்ல வந்த லிங்க்கைத் தட்டி உள்ள வந்தா, எங்கிருந்து வந்தாருங்கிற தகவல் பெரும்பாலும் கூட வராது. அப்படி வர்றவங்களை எல்லாம் 'டைரக்ட்'னு ஒரு மூட்டையில கட்டிப் போட்டுடும். அக்கா இவ்வளவு நாளா அந்த டைரக்ட் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "அது நம்ம பேரை டைப் பண்ணி வர்றவங்கடா"ன்னாங்க. உள்ள பாதிக்கு மேல வாட்ஸ்அப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

சரி, அந்த 160-ஐ ஒரு பேச்சுக்கு அப்படியே ஒத்துக்குவோம். சராசரி ஆர்டர் 500 ரூபாய். 80,000 ரூபாய் விற்பனை. இப்ப கூரியர்காரங்க அனுப்புற ரிப்போர்ட்டை எடுத்து ஆர்டர் நம்பரோட சேர்த்துப் பார்த்தோம். அந்த மாசம் திரும்பி வந்த பார்சல் 36. எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி. வீட்டுல ஆள் இல்ல, போன் எடுக்கல, "நான் ஆர்டரே போடலையே" இப்படி. அதுல பழைய வாடிக்கையாளர்னு பார்த்தா ஒண்ணு ரெண்டு பேர்தான். அதனால முப்பத்தாறையும் விளம்பரக் கணக்குலயே வச்சோம்.

ஒரு 500 ரூபாய் ஆர்டர்ல சரக்கு, கூலி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 240 ரூபாய். கூரியர் 90. மிச்சம் 170. ஒழுங்கா போய்ச் சேர்ந்தது 124 ஆர்டர். 124-ஐ 170-ஆல பெருக்கினா 21,080. திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் போற கூரியர் 90, வர்ற கூரியர் 60. பத்து பன்னெண்டு நாள் சுத்திட்டு வந்த பொடியை அக்கா மறுபடி விக்க மாட்டாங்க, அதனால அந்த 240-ம் போச்சு. ஆக ஒரு பார்சலுக்கு 390 நஷ்டம். 36 பார்சலுக்கு 14,040. இது போக விளம்பரச் செலவு 20,000.

கழிச்சுப் பார்த்தா 12,960 ரூபாய் நஷ்டம். ஜி.எஸ்.டி.யை இதுல சேர்க்கவே இல்ல. நாலு மடங்குன்னு பச்சைக் கலர்ல காட்டின அதே மாசம்!

அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அப்ப ஒரு லட்சம் போட்டிருந்தா?"ன்னு மட்டும் கேட்டாங்க. மாமா நோட்டை மூடி வச்சுட்டு டீ போடப் போயிட்டாரு.

ஆட்ஸ் மேனேஜர் ஏமாத்திடுச்சுன்னு நான் சொல்ல வரல. 'ஆர்டர் போடு' பட்டனை அழுத்தினப்ப வெப்சைட் அதுக்கு ஒரு தகவல் அனுப்புது. அதோட அதுக்குத் தெரிஞ்ச உலகம் முடிஞ்சுது. பார்சல் திரும்பி வந்தது, மிளகாய் வத்தல் விலை ஏறினது, இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? கடைசி வரைக்கும் தெரிஞ்ச ஒரே இடம் மாமாவோட நோட்டு. நாமதான் அதை அனலிட்டிக்ஸ்னு மதிக்கல.

இதுல இன்னொரு கூத்து. இந்த எல்லாக் கணக்கையும் ஒரே திரையில காட்டுறோம்னு சொல்லி ஒரு கம்பெனி அக்காகிட்ட மாசம் 3,500 ரூபாய் வாங்கிட்டிருந்தது. பேர் வேண்டாம். ரொம்ப அழகான கிராஃப். ஆனா அது எடுத்துக் காட்டினது ஆட்ஸ் மேனேஜர் சொன்ன அதே 160-ஐத்தான். கூரியர் ரிட்டர்னைச் சேர்க்க வழி இருக்கான்னு கேட்டேன். "அது அடுத்த பிளான்ல வருது சார்"ன்னாங்க. அன்னைக்கே நிறுத்தியாச்சு.

சரி, இப்ப டூலுக்கு வருவோம். ஒரு பேப்பரை எடுத்து, அடுத்த ரெண்டு மாசத்துல காசு சம்பந்தமா நாம எடுக்கப்போற முடிவுகளை மட்டும் எழுதச் சொன்னேன். அக்கா எழுதினது மூணு. விளம்பரத்துக்கு எவ்வளவு? கேஷ் ஆன் டெலிவரி வேணுமா? வெப்சைட்ல பாதியில விட்டுட்டுப் போறவங்க ஏன் போறாங்க? இந்த மூணுல ஒண்ணுக்காவது பதில் சொல்லாத டூல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

முதல் வேலை, கூகுள் ஷீட்ல மாமாவோட நோட்டு. ஆர்டர் தேதி, போன் நம்பர், பின்கோடு, தொகை, எப்படிப் பணம் கொடுத்தாங்க, போய்ச் சேர்ந்ததா, எப்படித் தெரிஞ்சு வந்தாங்க. ஏழே ஏழு காலம். போன் நம்பர் காலத்துல ஒரு கவுன்ட்-இஃப் ஃபார்முலா போட்டா இது எத்தனையாவது தடவை வாங்குறவர்னு தெரிஞ்சிடும். இதுக்கு மேல ஆடம்பரம் எதுவும் தேவைப்படல. ஒரே ஒரு எச்சரிக்கை: அது மத்தவங்களோட போன் நம்பர். லிங்க் இருக்கிற யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு அந்த ஷீட்டைத் திறந்து வைக்காதீங்க. 2023-லயே தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. சட்டம் இல்லைன்னாலும் அது மரியாதை இல்ல.

ரெண்டாவது, ஏற்கெனவே இருக்கிற கூகுள் அனலிட்டிக்ஸை ஒழுங்கு பண்றது. அதுக்குக் காசு கிடையாது, அதனாலயே யாரும் உள்ள போய் செட்டிங்ஸைப் பார்க்கிறதில்ல. இப்ப இருக்கிற ஜி.ஏ.4-ல, எக்ஸ்ப்ளோர் பகுதியில நாம தோண்டிப் பார்க்கிற விவரமான டேட்டா, நீங்க எதையும் மாத்தலைன்னா ரெண்டு மாசம்தான் இருக்கும். அதை 14 மாசமா மாத்திக்கலாம், செட்டிங்ஸ்ல ஒரே ஒரு கிளிக். மாத்தலைன்னா போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்துல வச்சு அலசவே முடியாது. அடுத்தது, நம்ம சொந்த விசிட்டை விலக்கணும். மாமா ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவையாவது வெப்சைட்டைத் திறந்து சரியா ஓடுதான்னு பார்ப்பாரு. திருச்சியில நமக்குப் பயங்கர வரவேற்புன்னு அக்கா நினைச்சுட்டிருந்ததுல பெரும்பங்கு மாமா.

அப்புறம் லிங்க்குக்கு அடையாளம் போடுறது. யூ.டி.எம்.னு சொல்வாங்க. லிங்க்கோட வாலுல, இது வாட்ஸ்அப்ல அனுப்பினது, இது இன்ஸ்டாகிராம் பயோவுல வச்சது, இது பார்சல்ல ஒட்டின கியூ.ஆர். கோடுன்னு எழுதி விடுறோம், அவ்வளவுதான். 'யூ'ங்கிற எழுத்து அர்ச்சின்னு ஒரு கம்பெனியோட பேர்ல இருந்து வந்தது. 2005-ல கூகுள் அதை வாங்கித்தான் கூகுள் அனலிட்டிக்ஸ் ஆக்கினாங்க. கம்பெனி பேரை எல்லாரும் மறந்துட்டாங்க, வால் மட்டும் நிக்குது. இதுல ஒரே ஒரு ஒழுக்கம் வேணும். ஒரு நாள் 'வாட்ஸ்அப்', இன்னொரு நாள் 'வாட்ஸப்'னு எழுதினா அது ரெண்டு தனி வழியா எண்ணும். ஆங்கிலத்துல எழுதுறப்ப பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அப்படித்தான். என்னென்ன பேர்னு ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்கோங்க.

மூணாவதா சேர்த்தது மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. இதுவும் இலவசம். வெப்சைட்டுக்குள்ள வந்தவர் எங்க தட்டினார், எங்க நின்னார், எங்க கடுப்பாகி ஒரே இடத்தைப் பத்துத் தடவை தட்டினார்னு வீடியோ மாதிரி காட்டும். அவங்க டைப் பண்றதை மறைச்சுத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். ஆனா இப்படிப் பதிவாகுதுன்னு உங்க வெப்சைட்டோட பிரைவசி பக்கத்துல ஒரு வரி எழுதிடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க மூணு பேரும் உக்காந்து இருபது பதிவு பார்த்தோம். ஏழாவது பதிவுலயே அக்கா தலையில கைய வச்சுட்டாங்க. மொபைல்ல பின்கோடு போடுற கட்டத்துக்கு மேல, வாட்ஸ்அப் பட்டன் ஒண்ணு மிதந்துட்டு உக்காந்திருக்கு. பின்கோடு போடப் போறவங்க விரல் அதுல பட்டு வாட்ஸ்அப் திறக்குது. திரும்பி வர்றாங்க, மறுபடி அதே. மூணாவது தடவை போயிடுறாங்க. அந்தப் பட்டனை வைக்கச் சொன்னதே அக்காதான். இது எந்த கிராஃப்லயும் தெரியாது. அங்க "இத்தனை சதவீதம் பேர் வெளியேறினாங்க"ன்னுதான் இருக்கும்.

இதெல்லாம் இருந்தும், விளம்பரத்தால நிஜமா எத்தனை ஆர்டர் கூடுதலா வருதுங்கிற கேள்வி அப்படியே நின்னுச்சு. அதை எந்த டூலும் நேரா சொல்லாது. நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். மொத்தமா நிறுத்த அக்காவுக்குப் பயம். அதனால பின்கோட்டை வச்சு ஒரு வேலை பண்ணினோம். 641-னு ஆரம்பிச்சா கோயம்புத்தூர் பக்கம், 625-னா மதுரைப் பக்கம். ஷீட்ல பின்கோடு இருக்கிறதால ஊர்வாரியா எண்ணிடலாம். கோயம்புத்தூர்ல மட்டும் மூணு வாரம் விளம்பரத்தை நிறுத்தினோம், மதுரையில வழக்கம்போல ஓட விட்டோம். முன்னாடி மூணு வாரத்துல கோயம்புத்தூர் ஆர்டர் மொத்தம் 31. அதுல 24 தன்னோடதுன்னு ஆட்ஸ் மேனேஜர் சொல்லியிருந்தது. அப்ப நிறுத்தினா ஏழு ஆர்டர்தான் வரணும். வந்தது 22. அதே சமயத்துல மதுரையில பெரிய ஏத்த இறக்கம் எதுவும் இல்ல. அப்படின்னா விளம்பரம் நிஜமா கொண்டு வந்தது ஒம்பது மாதிரி.

இதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. 31-க்கும் 22-க்கும் நடுவுல தற்செயலும் இருக்கும். சின்ன வியாபாரத்துல எண்ணிக்கை எப்பவுமே கம்மி, அதுதான் நம்ம தலைவிதி. ஒரு நாணயத்தை இருபது தடவை சுண்டினா பன்னெண்டு தலை விழுந்தா யாரும் நாணயத்தைச் சந்தேகப்பட மாட்டோம். ஆனா நீல போஸ்டருக்கு 12 ஆர்டர், மஞ்ச போஸ்டருக்கு 8 ஆர்டர்னா உடனே "நீலம்தான் ஒர்க் ஆகுது"ன்னு மீட்டிங் போட்டுடுறோம். நானும் பண்ணியிருக்கேன். ஒம்பதா பதினாலாங்கிறதுல தப்பு இருக்கலாம், 24 இல்லைங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

ஒருத்தர் இப்படிக் கேட்கலாம்: முதல் ஆர்டர்ல நஷ்டம் வந்தா என்ன, அவங்க திரும்பத் திரும்ப வாங்கினா சரியாயிடுமே? நியாயமான கேள்வி. பொடி மாதிரி தீர்ந்துபோற பொருளுக்கு இதுதான் உண்மையான கேள்வியும்கூட. மூணு தடவைக்கு மேல வாங்கினவங்கள்ல 60 பேருக்கு மாமா போன் பண்ணினாரு. "சார், எங்களைப் பத்தி முதல்ல எப்படித் தெரிஞ்சது?" ஒரே கேள்வி. 41 பேர் சொன்னது, யாரோ ஒருத்தர் கொடுத்த பாக்கெட். பெங்களூர்ல வேலை பார்க்கிற பையனுக்கு அம்மா அனுப்பினது, அதை ரூம்மேட் சாப்பிட்டது, அவன் ஊருக்கு ஆர்டர் போட்டது. ஏழு பேர் இன்ஸ்டாகிராம்னு சொன்னாங்க. மிச்சம் பன்னெண்டு பேருக்கு ஞாபகம் இல்ல. விளம்பரத்தைப் பார்த்ததை ஜனங்க மறந்துடுவாங்க, கையில வாங்கின பாக்கெட்டை மறக்க மாட்டாங்க, அதனால அந்த ஏழு நிஜத்துல பத்து பன்னெண்டா இருக்கலாம். இருந்தாலும் 41 எங்க இருக்கு! அத்தனை பேரும் கூகுள் அனலிட்டிக்ஸ்ல அந்த டைரக்ட் மூட்டைக்குள்ள கிடந்திருக்காங்க. அந்தப் போன் கால்ல கிடைச்ச இன்னொரு லாபம், அங்காயப் பொடி டப்பா மூடி திறக்க முடியலைன்னு பதினோரு பேர் திட்டினது.

கேட்டவங்கள்ல சிலர் காசு கொடுத்து வாங்குற டூல் பத்திக் கேட்டிருந்தீங்க. தேவைப்படும், நூத்துக்கணக்குல பொருள், பல ஊர்ல கடைன்னு வளர்ந்த பிறகு. அப்பவும் ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க: நம்ம டேட்டாவை மொத்தமா எக்செல்ல இறக்கி எடுத்துக்க விடுதா? 2023 ஜூலை 1-ல கூகுளே தன்னோட பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸை நிறுத்திடுச்சு. அடுத்த வருஷம் பழைய ரிப்போர்ட்டைத் திறக்கிற வழியையும் மூடிட்டாங்க. முன்கூட்டியே சொல்லித்தான் செஞ்சாங்க. ஆனா இறக்கி வைக்காத எத்தனையோ பேருக்குப் பல வருஷக் கணக்கு போச்சு. மாமா நோட்டு பரண்ல பத்திரமா இருக்கு.

அக்கா என்ன பண்ணினாங்கன்னு சொல்லி முடிச்சிடுறேன். விளம்பரம் 20,000-ல இருந்து 7,000. கேஷ் ஆன் டெலிவரி வேணும்னா 49 ரூபாய் முன்பணம். இதுல ஆர்டர் எண்ணிக்கை உடனே குறைஞ்சது, அக்காவுக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல. ஆனா அடுத்த மாசம் திரும்பி வந்த பார்சல் அஞ்சு. பின்கோடு மேல உக்காந்திருந்த பட்டன் கீழ இறங்கிடுச்சு. விளம்பரத்துல மிச்சமான காசுல ஒரு பகுதியை எடுத்து, ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு குட்டி பாக்கெட் பருப்புப் பொடி, "பக்கத்து வீட்டுக்குக் கொடுங்க"ன்னு ஒரு சீட்டு, அதுக்குன்னு தனி கியூ.ஆர். கோடு. அது எத்தனை பேரைக் கொண்டு வருதுன்னு ஷீட்ல தனியா எண்ணிட்டிருக்கோம். முதல் மாசத்துல 17 பேர். ரெண்டாவது தடவை வாங்குறாங்களான்னு தெரிய இன்னும் நாள் ஆகும்.

செயின் அக்கா கழுத்துலதான் இருக்கு. போன வாரம் போன் பண்ணி, "டேய், ஒரு பெரிய ஆன்லைன் கடையில நம்ம பொடியை வைக்கலாம்னு கூப்பிடுறாங்க, ஆனா வாங்கினவங்க போன் நம்பர் நமக்குத் தர மாட்டாங்களாம், என்ன பண்ணலாம்?"னு கேட்டாங்க. அந்த முடிவுக்கு எங்க ஏழு காலம் ஷீட் போதுமான்னு நானும் மாமாவும் யோசிச்சிட்டிருக்கோம். உங்கள்ல யாராவது அப்படி வித்துட்டிருந்தா, ரிட்டர்ன் கணக்கோட எழுதி அனுப்புங்க.